மழையில் விளக்கைக் கண்டவர்: பொறியியலாளர் விமலசுரேந்திரவின் வாழ்க்கை



அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருவீதியில், கித்துள்கலையைத் தாண்டி, வளைவுக்கு மேல் வளைவாக முனகிக்கொண்டு வரும் பஸ் கினிகத்தேனைச் சந்தியில் நிற்கும்போது, நீங்கள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் மழையையாகத்தான் இருக்கும். ஊரின் பெயரில் நெருப்பு இருக்கிறது. கினி என்றால் சிங்களத்தில் நெருப்பு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஊரோ ஆண்டின் பாதி நாளும் நனைந்தே கிடப்பது. அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் நான்கு ஆண்டுகளில் காணும் மழையை இந்த மலைகள் ஓர் ஆண்டிலேயே கண்டுவிடுகின்றன.

இந்த மழையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர் இங்கே குறைவு. தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குமாக, அட்டைக் கடியோடு கொழுந்தெடுக்கும் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். மழை என்றால் அவர்களுக்கு வழுக்கும் படிக்கட்டு, நனைந்த விறகு, காயாத துணி, ஒழுகும் கூரை. ஆயினும் இதே மழையை, இதே ஆறுகளை, இதே மலைச் சரிவுகளை ஒரு மனிதர் நூறு ஆண்டுகளுக்கு முன் நின்று பார்த்து, இது நாட்டுக்கே வெளிச்சம் தரக்கூடிய பொருள் என்று கணக்குப் போட்டார். அவர் பெயர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு மின் நிலையத்தின் பெயராகத் தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் நின்ற மனிதரை இன்று சற்றே அறிந்துகொள்வோம். அவர் கதையினூடே நம்முடைய கதையொன்றும் வந்து சேருகிறது. அதையும் மறைக்காமல் பேசிவிடுவோம்.

விமலசுரேந்திர 1874 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17 ஆம் திகதி காலியிலே பிறந்தார். தந்தையார் முதலியார் பட்டம் பெற்றவர். கைவினைத் தொழிலில் பெயர் எடுத்தவர். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் கற்று, பின் தொழில்நுட்பக் கல்வி பெற்று, அரசாங்கத்தின் பொதுவேலைத் திணைக்களத்தில் உத்தியோகம் ஏற்றார். நம் முன்னோர் பி.டபிள்யூ.டி. என்று வழங்கிய திணைக்களம் அது. பாதை போடுவதும் பாலம் கட்டுவதும் அதன் வேலை. மேலிடத்தில் வெள்ளைக்காரத் துரைமார் அமர்ந்திருக்க, சுதேசிகள் கீழ்ப்படிகளில் நின்று காலங்கழித்த நாட்கள் அவை. அந்தப் படிகளில் இவர் தளராமல் ஏறினார். லண்டனிலுள்ள குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கத்துவத்தைப் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று மின்பொறியியலும் கற்றுத் திரும்பினார். பாலம் கட்டத் தெரிந்தவருக்கு மின்சாரமும் தெரிந்திருந்தமையே பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அடிப்படை.

அவர் நம் மலைப் பக்கம் வந்த சந்தர்ப்பம் விசித்திரமானது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் பாயும் பள்ளத்தாக்குகளில் பொன் கிடைக்குமா என்று ஆராய்வதற்காகவே அரசாங்கம் அவரை அனுப்பியது என்பார்கள். ஆற்று மணலை அலசியதில் தோண்டி எடுக்கத்தக்க அளவு பொன் கிட்டவில்லை. ஆனால் ஆறுகள் விழுந்த வேகம் அவர் கண்ணை விட்டகலவில்லை. கினிகத்தேனைக்கு அண்மையில் கெஹெல்கமு ஓயா 98 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அதுவே அபர்டீன் நீர்வீழ்ச்சி. மறுபக்கப் பள்ளத்தாக்கில் மஸ்கெலி ஓயா அதனிலும் உயரத்திலிருந்து லக்ஷபான நீர்வீழ்ச்சியாக விழுகிறது. இவ்விரு ஆறுகளும் கீழே கூடித்தான் களனி கங்கையாகின்றன. கொழும்பு மக்கள் களனி என்று அழைப்பது நம் தோட்டங்களில் பெய்த மழையைத்தான்.

விழும் தண்ணீரில் மின்சாரம் எங்கேயிருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஒரு சிறு கணக்கை அவர்களுக்குச் சொல்லுங்கள். பாரம் ஒன்றை மலைமேல் தூக்கிச் செல்ல எவ்வளவு பாடு என்பது நிறைக்குக் கொழுந்துக் கூடை சுமந்தவர்களுக்குத் தெரியும். தூக்கிச் செல்லும்போது செலவான சக்தி, அந்தப் பாரம் விழும்போது திரும்பி வருகிறது. ஆற்றுத் தண்ணீரை மலைமேல் தூக்கி வைத்தது சூரியன். கடல் நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, நம் மலையுச்சியில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அது கீழே விழும் வழியில் ஒரு சுழலியை வைத்துவிட்டால், விழும் வேகம் சுழலியைத் திருப்பும். சுழலியோடு பிணைத்த காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் ஓடும் என்பதை 1831 இல் கண்டுபிடித்த மைக்கேல் பரடே ஒரு கொல்லரின் மகன் என்பதையும் சொல்லி வையுங்கள்.

எண்ணெய்ப் பீப்பாய் உங்கள் லயத்து வாசலிலும் ஒன்று நிற்கலாம். மழைநீர் பிடிக்க வைத்திருப்பீர்கள். அப்படி ஐந்து பீப்பாய்த் தண்ணீர், அதாவது சுமார் ஆயிரம் லீற்றர், அபர்டீன் நீர்வீழ்ச்சியின் உயரத்திலிருந்து விழுந்தால், இயந்திரங்களில் வீணாவது போக, 60 வாட் மின்குமிழ் ஒன்று ஏறத்தாழ நான்கு மணி நேரம் எரியும். இக்காலத்து எல்.இ.டி. குமிழ் என்றால் அதே தண்ணீரில் ஒரு நாளுக்கு மேலும் எரியும். ஐந்து பீப்பாய் ஆற்றில் கண் இமைக்கும் முன் ஓடிவிடும். இரவும் பகலும் ஓயாது ஓடும் ஆற்றில் எத்தனை விளக்குகள் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். விமலசுரேந்திரவும் அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், அவர் அதை அளந்தும் பார்த்தார். மழையளவு, ஓடும் நீரின் அளவு, சரிவின் உயரம், வறட்சி மாதங்களுக்கு எவ்வளவு நீரைத் தேக்கவேண்டும் என்பன எல்லாம் கணக்கில் வந்தன.

உலகம் இந்தத் திசையில் ஏற்கனவே அடியெடுத்து வைத்திருந்தது. அமெரிக்காவில் நயாகராவின் மின்சாரம் 1896 இல் பபலோ நகரை எட்டிற்று. நமக்கு நெருக்கமான உதாரணம் காவேரியில் இருந்தது. மைசூர் சமஸ்தானம் 1902 இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பியது. அங்கே பொன்னை எடுக்க மின்சாரம் தேடினார்கள். இங்கே பொன்னைத் தேடி வந்தவர் மின்சாரத்தைக் கண்டார்.

இலங்கையில் முதலில் சிறிய அளவில் முயன்றார்கள். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்ற இடத்தில் 1912 இல் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. அதனை அமைத்தவர் விமலசுரேந்திர. நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தது அதுவே. சிறிய வேலைதான், ஆனால் கடதாசிக் கணக்கு உண்மையில் வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி. தோட்டத் துரைமாரும் இந்த வித்தையை அறிந்திருந்தனர். நம் மலைகளில் நூற்றுக்கணக்கான தேயிலைத் தொழிற்சாலைகள், நம்மவர் ஸ்டோர் என்று சொல்பவை, பக்கத்து ஓடையின் நீரைக் குழாயில் இறக்கிச் சுழலி வைத்து இயந்திரங்களை ஓட்டின. அதை நினைவில் வைத்திருங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.

பின்பு 1918 இல், இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன், இலங்கையில் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி விமலசுரேந்திர ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். முதலாம் உலகப் போர் முடியாத வேளை. கப்பலில் வரவேண்டிய நிலக்கரி கிடைப்பதும் அருமை, விலையும் கொள்ளை. பிற நாட்டிலிருந்து எரிபொருளை வாங்கிக் கொழும்பில் எரித்துப் புகையாக்கிக்கொண்டிருக்கையில், சொந்த மலையில் சக்தி இரவும் பகலும் சும்மா ஓடுகிறது என்பதே அவர் வாதத்தின் சாரம். கெஹெல்கமு, மஸ்கெலி ஆறுகள் இரண்டிலும் என்ன செய்யலாம் என்று அதில் விரித்துரைத்தார். அது வெறும் விளக்குத் திட்டமன்று. மலிவான மின்சாரம் கிடைத்தால் கைத்தொழில் வளரும், நாடு தன் காலில் நிற்கும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு என்று ஏற்றுமதிப் பயிரை மட்டும் நம்பிய குடியேற்ற நாட்டில், ஒரு சுதேசி உத்தியோகத்தர் இப்படிப் பேசுவது மேலிடத்துக்கு உவப்பாக இருந்திருக்காது.

கட்டுரை நன்றாயிருந்தது, காரியம் நகரவில்லை. 1920களில் அரசாங்கம் ஒருவாறு லக்ஷபானத் திட்டத்தில் கை வைத்தது. சில ஆண்டுகளிலேயே செலவு மிஞ்சிப் போயிற்று என்று காரணங் காட்டி 1927 இல் வேலையை நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் அரசாங்க மின்சாரத் திணைக்களம் உருவாயிற்று. ஆனால் கொழும்பின் மின்சாரம் எரிபொருளை எரித்தே பிறந்தது. மலையில் பாதி வெட்டிய வேலையை மழையும் புல்லும் மூடின. ஒரு மனிதன் தன் வாழ்நாள் வேலை இப்படிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அலுவலகத்தில் கோப்புப் புரட்டுவது எத்தனை கசப்பான காரியம் என்பதை, ஏதேனும் ஒரு நல்ல காரியத்துக்காகக் கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கியவர்கள் உணர்வீர்கள்.

விமலசுரேந்திர சேவையிலிருந்து இளைப்பாறினார். வீட்டில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்கவில்லை. டொனமூர் அரசியற் சட்டத்தின்படி, ஆணும் பெண்ணும் அனைவரும் வாக்களிக்கும் முதலாவது தேர்தல் 1931 இல் நடந்தபோது, இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். உத்தியோகத்தராக இருந்து அசைக்க முடியாததை மக்கள் பிரதிநிதியாக இருந்து அசைக்கலாமென்று நினைத்தார். சபையிலும் அவர் பேச்சு நீரையும் மின்சாரத்தையும் சுற்றியே இருந்தது. அச்சபை 1935 இல் கலைந்தது. நிறுத்தப்பட்ட திட்டம் பின்னர் மீண்டும் எடுக்கப்பட்டது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்தது, இயந்திரங்கள் வரவில்லை, மறுபடியும் தாமதம்.

ஈற்றில் 1950 ஆம் ஆண்டின் இறுதியிலே லக்ஷபானவின் முதற்கட்டம் நிறைவேறியது. நோர்ட்டன் பிரிட்ஜில் கெஹெல்கமு ஓயாவை மறித்து அணை கட்டி, நீரைச் சுரங்க வழியாக மலையைக் குடைந்து அடுத்த பள்ளத்தாக்குக்குக் கொண்டு சென்று, ஆயிரம் அடிக்கு மேற்பட்ட சரிவில் இரும்புக் குழாய்களில் இறக்கி, 25 மெகாவாட் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் கோபுரங்களில் ஏறி, மலை தாண்டி, கொழும்பைச் சென்றடைந்தது. கட்டுரை சமர்ப்பித்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. நாற்பத்து நான்கு வயதில் சொன்னது எழுபத்தாறாம் வயதில் நடந்தது. காணக் கொடுத்துவைத்தார் என்றே சொல்லவேண்டும். பலருக்கு அதுவும் கிட்டுவதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள், 1953 ஆகஸ்ட் மாதம் 10 ஆம் திகதி அவர் காலமானார்.

அவர் மறைவின் பின்னரே திட்டம் முழு வளர்ச்சி பெற்றது. இரண்டாங் கட்டத்தால் பழைய லக்ஷபான நிலையம் 50 மெகாவாட்டாகியது. காசல்ரீ நீர்த்தேக்கமும் அதன் நீரில் இயங்கும் 50 மெகாவாட் நிலையமும் 1965 இல் வந்தன; அந்நிலையத்துக்கே விமலசுரேந்திர என்று பெயரிட்டார்கள். பொல்பிட்டிய 1969 இலும், புதிய லக்ஷபான 1974 இலும், கெனியன் 1983 இலும் சேர்ந்தன. காசல்ரீயிலிருந்து புறப்படும் நீர் விமலசுரேந்திரவில் ஒரு முறையும், பழைய லக்ஷபானவில் மறுமுறையும், பொல்பிட்டியவில் மூன்றாம் முறையும் வேலை செய்கிறது. ஒரே கூலியாளிடம் மூன்று பேர்வழி வேலை வாங்குவது போல! ஐந்து நிலையங்களும் சேர்ந்து 300 மெகாவாட்டுக்கு மேல் தருவன. 1990களின் முற்பகுதி வரை இலங்கையின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு நீரிலிருந்தே வந்தது. இந்நாட்டு நீர்மின்சாரத்தின் தந்தை என்று அவரை அழைப்பதில் மிகை எதுவுமில்லை.

நிற்க.

இப்போது நம்முடைய கதைக்கு வருவோம். மின்சாரம் கொழும்புக்குப் போயிற்று என்றேன். எதன் மேலாகப் போயிற்று? தோட்டங்களின் மேலாக. கோபுரங்கள் நின்றது தேயிலை மலைகளில். கம்பி ஓடியது லயன் கூரைகளைத் தாண்டி. அந்தக் கூரைகளின் கீழே, பன்னிரண்டு அடிக்குப் பத்து அடிக் காம்பராக்களில், நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் குப்பி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். மண்ணெண்ணெய்ப் புகையில் சுவரும் கறுத்தது, நெஞ்சும் கறுத்தது. பிள்ளை படிக்க உட்கார்ந்தால், அம்மா சமைப்பதற்கு விளக்கை அங்கே எடுப்பதா, இங்கே விடுவதா என்று ஒரு வழக்கு. தலைக்கு மேலே பல்லாயிரம் வோல்ட் மின்சாரம். கீழே ஒரு திரி.

நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஸ்டோரை எண்ணிப் பாருங்கள். 1950க்கு முன்பே எத்தனையோ தோட்டங்களில் மின்சாரம் இருந்தது. தோட்டத்து ஓடைத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் ஸ்டோரில் ரோலரைச் சுழற்றியது. துரை பங்களாவில் விளக்கேற்றியது. லயத்துக்கும் ஸ்டோருக்கும் இடையே சில நூறு யார். காவேரியில் தொண்ணூறு மைல் கம்பி இழுக்கத் தெரிந்த யுகத்தில், இந்தச் சில நூறு யாரை யாராலும் கடக்க முடியவில்லை! இதைப் பொறியியற் குறை என்று எவரும் சொல்ல முடியாது. தேயிலை காய வெளிச்சம் வேண்டும், தேயிலையைப் பறித்தவருக்கு வேண்டாம் என்று எவரோ தீர்மானித்திருந்தார்கள். அல்லது தீர்மானிக்க வேண்டிய விடயமாகவே அதை எண்ணவில்லை. இரண்டாவது முதலாவதை விடக் கொடியது என்பது என் எண்ணம்.

ஆண்டுகளைச் சற்றுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1947 பொதுத் தேர்தலில் தோட்ட மக்கள் வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமை பறிபோனது. 1950 இல் லக்ஷபான மின்சாரம் பிறந்தது. அதாவது, நம் மழையின் வெளிச்சம் நாட்டுக்குக் கிடைத்த நேரத்தில், நாம் நாட்டின் கணக்கிலேயே இல்லை. எந்தத் தேர்தல் மேடையிலும் லயத்துக்கு மின்சாரம் தருவேன் என்று எவரும் வாக்களிக்கத் தேவையில்லை. அங்கே வாக்குத்தான் இல்லையே. பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானம். மறு ஆண்டே விமலசுரேந்திர மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அட்டன் ஸ்டேசனில் இருந்து தலைமன்னாருக்கு அழுதுகொண்டு ரயிலேறிய எத்தனையோ குடும்பங்கள், தாங்கள் பிறந்து வளர்ந்த லயத்தில் ஒரு மின்குமிழ் எரிந்து பார்க்காமலே கடல் கடந்தன. நாடற்றவர் என்ற பெயர் மிச்சமிருந்தோருக்கு முற்றாக நீங்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் விமலசுரேந்திரவையா குற்றஞ்சாட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். அல்ல. பொறியியலாளர் தண்ணீரை அளந்தார். மனிதரை அளந்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் விஞ்ஞானம் வந்தால் எல்லோருக்கும் வெளிச்சம் தானாக வரும் என்று நம்பும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆறு ஓடும் வழியைப் பூமியின் சரிவு தீர்மானிக்கிறது. கம்பி ஓடும் வழிக்கு அப்படியொரு இயற்கை விதி கிடையாது. அதற்கு ஒரு மேசை, ஒரு வரைபடம், ஒரு பென்சில், அந்த மேசையைச் சுற்றிச் சிலர் உண்டு. அந்தச் சிலருள் லயத்துப் பிள்ளை ஒருவரும் இருக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் இதற்குள் இருக்கிறது. பயன்படாமல் கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்பது பொறியியலாளர் கண். அக்கண்ணுக்கு நான் மரியாதை செய்கிறேன். அதில்லாவிட்டால் இன்று என் வீட்டு விளக்கும் இல்லை. ஆயினும் மஸ்கெலியாவைப் பாருங்கள். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. கடைத்தெரு போயிற்று, கோவில், பன்சலை, பள்ளிவாசல் எல்லாம் போயின. நகரத்தை மேட்டில் புதிதாகக் கட்டினார்கள். கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோவிலின் கற்கள் இன்றும் மேலே வருகின்றன. மக்கள் திரளாகப் போய்ப் பார்க்கிறார்கள். முதியவர்கள் இது இன்ன கடை இருந்த இடம், இது பஸ் நின்ற இடம் என்று சேற்றிலே கைகாட்டுகிறார்கள். அந்த ஆண்டுகளில் மின்வெட்டும் கூடவே வரும். 1996 இன் வறட்சியில் நாடெங்கும் மணிக்கணக்காக விளக்கணைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதன் பிறகு நாடு எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் திரும்பியது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் எழுந்தது. தேவை கூடிவிட்டது, ஆறுகள் கூடவில்லை. வேறு வழி இருக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் 2022 இல் என்ன நடந்ததென்று நீங்களே கண்டீர்கள். எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. அவ்வாண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. கொழும்பில் மாடி வீடுகளிலும் மெழுகுதிரி ஏற்றினார்கள். பிற நாட்டு எரிபொருளில் விளக்கெரிப்பவன் விலைக்கும் கப்பலுக்கும் அடிமை என்று 1918 இல் போட்ட கணக்கு, நூறாண்டு கழித்து நாட்டின் கதவைத் தட்டிற்று. கதவைத் தட்டியபோது இருட்டாக இருந்தது!

லயத்துக்கும் மின்சாரம் வந்தது. வரவில்லை என்று சொல்வது அநியாயம். பெரும்பாலான லயங்களுக்கு 1980களுக்குப் பின்னர், ஒரு தோட்டம் முந்தி, ஒரு தோட்டம் பிந்தி என்று வந்தது. குடியுரிமையும் வாக்கும் திரும்பி வரவர, கம்பியும் கூடவே வந்தது. இது தற்செயலா என்பதை நீங்களே யோசியுங்கள். இன்று நாட்டின் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் மின்சாரம் உண்டு. ஆனால் நூறு வருடப் பழைய லயத்தில், ஒரே கூரை, ஒரே வரிசை, நடுவில் பலகைச் சுவர் என்று கிடக்கும் காம்பராக்களில் இழுத்த கம்பி எப்படியிருக்கும்? மின்கசிவால் லயன் எரிந்தது, இத்தனை குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருக்கின்றன என்ற செய்தியை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். ஒரு காம்பராவில் பற்றியது முழு வரிசையையும் தின்றுவிடுகிறது. உங்கள் லயத்திலும் பழைய கம்பி, நாடா சுற்றிய இணைப்பு, ஒரே பிளக்கில் நான்கு சாமான் என்று இருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். மின்சாரம் தெரிந்த தோட்டத்துப் பையன்கள் இப்போது ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள், கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கினிகத்தேனையில் இறங்கினால் அபர்டீன் நீர்வீழ்ச்சிக்கும் ஒரு முறை போய் வாருங்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லலாம். படிகள் பல, மழையில் வழுக்கும், குளிக்க இறங்குவது ஆபத்து. விமலசுரேந்திர பார்த்த பெருக்கை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். மேலே நோர்ட்டன் அணையில் ஆற்றின் பெரும் பகுதி சுரங்கத்துக்குள் திரும்பிவிடுகிறது. அணைக்குக் கீழே ஊறும் ஓடைகளின் நீரும், மழைக்காலத்தில் அணையைத் தாண்டி வழிவதுமே இங்கே விழுகின்றன. பாறையின் அகலத்தைப் பார்த்தால் முன்பு எவ்வளவு தண்ணீர் விழுந்திருக்கும் என்று கணிக்கலாம். அந்த அகலத்துக்கும் இன்று விழும் தண்ணீருக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான், மாலை ஆறரை மணிக்கு நீங்கள் சுவிட்சைத் தட்டும்போது எரிவது.